வகை பாராத விருப்பம்: திரை ரசனையும் திரை வரலாற்றின் பாதுகாப்பும்

திரைப்படத்தை நேசிப்போரில் இரு போக்கினர் உண்டு. துப்பறியும் படம், பேய்ப் படம், குடும்பப் படம் எனத் தமக்குரிய ஒரு வகையைத் தேர்ந்துகொண்டு அதிலேயே ஊன்றி நிற்பவர்கள் ஒரு போக்கினர். பகல் காட்சியில் புராணப் படத்தையும், மாலைக் காட்சியில் குடும்பக் கதையையும், இரவுக் காட்சியில் சண்டைப் படத்தையும் பார்த்து, மூன்றையும் ஒரே ஆர்வத்துடன் நினைவில் தாங்குபவர்கள் மற்றொரு போக்கினர். இரண்டாம் போக்கினருக்குத் திறனாய்வு உலகில் நெடுங்காலம் மதிப்பு இருந்ததில்லை. கிடைப்பதையெல்லாம் பார்ப்பவருக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்றும், தேர்ந்தெடுக்கத் தெரியாதவருக்கு ரசனை இல்லை என்றும் எளிதாக முடிவு கட்டப்பட்டது.

திரைப்படம் என்னும் கலையின் 20ஆம் நூற்றாண்டு வரலாற்றை உற்று நோக்கினால், இம்முடிவு தவறானது என்பது தெளிவாகும். தயாரிப்பாளர்கள் மதிப்பற்றவையென்று கைவிட்ட சுருள்களையும், கற்றோர் கலையன்று எனத் தள்ளிய படங்களையும், அரசுகள் ஆவணமாகவே கருதாத துண்டுப் பிரசுரங்களையும் காத்துவைத்தவர்களுள் முதன்மையானவர்கள், எல்லா வகைப் படங்களையும் விரும்பிப் பார்த்த ரசிகர்களே ஆவர். வகை பாராத விருப்பம் ஓர் அறிவு முறை என்பதும், திரை வரலாற்றின் பாதுகாப்பு அவ்விருப்பத்தின் மேல் எழுந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பாரிஸ், புணே, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் வாழ்ந்த மூன்று ரசிகர்களின் பணியைச் சான்றாகக் கொண்டு அக்கருத்து இங்கே ஆராயப்படுகிறது.

வகைமையும் அதன் பெயர்களும்

'ஜானர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ்த் திறனாய்வில் 'வகைமை' என்ற சொல் வழங்குகிறது. கதைக்களம், பாத்திர அமைப்பு, காட்சிப்படுத்தும் முறை, எழுப்ப விழையும் உணர்ச்சி ஆகியவற்றில் ஒத்திருக்கும் படங்களின் தொகுதியை அச்சொல் குறிக்கும். வகைமை என்பது படத்தின் இயல்பாக இருப்பதோடு, பார்வையாளரின் எதிர்பார்ப்பாகவும் இருக்கிறது. 'பேய்ப் படம்' என்று கேள்விப்பட்டுக் கொட்டகைக்குள் நுழைபவர், அஞ்சுவதற்கு ஆயத்தமாகவே இருக்கையில் அமர்கிறார்.

வகைமைகள் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டவை அல்ல. அமெரிக்க ஆய்வாளரான ரிக் ஆல்ட்மன் 1999இல் வெளியிட்ட தமது நூலில், வகைமைப் பெயர்கள் முதலில் அடைமொழிகளாகத் தோன்றிப் பின்னரே தனிப் பெயர்களாக நிலைபெறுகின்றன என்று காட்டினார். 'வெஸ்டர்ன்' என்பது முதலில் துரத்தல் படம், காதல் படம் முதலியவற்றின் முன் ஒட்டி நின்ற அடைமொழியாகும். அடைமொழி நிலைத்துப் பெயராகிய பிறகே அது தனி வகையாயிற்று. 'ஃபிலிம் நுவார்' எனப்படும் இருண்ட குற்றப்படங்களின் கதை இன்னும் தெளிவானது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சில் அமெரிக்கப் படங்கள் திரையிடப்படவில்லை. போர் முடிந்தபின், பல ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்கள் 1946இல் ஒருசேரப் பாரிஸ் திரையரங்குகளுக்கு வந்தன. 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'லாரா' முதலியவற்றை அடுத்தடுத்துக் கண்ட நினோ ஃபிராங்க் என்னும் விமரிசகர், அவற்றுக்கிடையே ஓடிய பொது நிறத்தை உணர்ந்து அவ்வாண்டில் எழுதிய கட்டுரையில் அப்பெயரை ஆண்டார். அப்படங்களை எடுத்தவர்கள் தாம் நுவார் எடுப்பதாக எண்ணியதில்லை. பல படங்களை ஒருங்கே பார்த்த கண்ணே அவ்வகைமையைக் கண்டெடுத்தது.

தமிழ்த் திரைக்கும் அதற்கேயுரிய வகைமைப் பெயர்கள் உண்டு. புராணப் படம், பக்திப் படம், சரித்திரப் படம், சமூகப் படம், ராஜா ராணிப் படம், மாயாஜாலப் படம், ஸ்டண்ட் படம் ஆகியவை பத்திரிகை விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் ரசிகர் பேச்சிலும் உருவாகி நிலைத்தவை. இவ்வகைகளுக்கிடையே உள்ள சுவர்கள் மெல்லியவை என்பதும் குறிப்பிடத்தக்கது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், காண்போர் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் முறையை எட்டு மெய்ப்பாடுகளாகப் பகுத்துரைக்கிறது. மேலைநாட்டு வகைமைப் படம் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றைத் தன் முதன்மைப் பொருளாகக் கொள்கிறது: பேய்ப் படத்துக்கு அச்சம், நகைச்சுவைப் படத்துக்கு நகை, மாயாஜாலப் படத்துக்கு மருட்கை, வீரதீரப் படத்துக்குப் பெருமிதம், துயர நாடகத்துக்கு அழுகை. தமிழ்ப் படமோ இவற்றுள் பலவற்றை ஒரே கதையில் அடுக்கித் தர முயன்று வந்திருக்கிறது. எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) அரியணைப் போட்டியில் தொடங்கி, சர்க்கஸ் கூடாரத்தில் சிரிக்க வைத்து, முரசுகளின் மேல் ஆடும் நடனத்தில் வியக்க வைத்து, வாள் சண்டையில் முடிகிறது. இத்தகைய படங்களில் பழகிய ரசிகர் ஒரே நுழைவுச்சீட்டில் நான்கு வகைமைகளைக் கடந்து செல்லும் பயிற்சி பெற்றவர் ஆகிறார். அவர் பின்னர் வேறு நாட்டு, வேறு வகைப் படங்களைச் சந்திக்கும்போது அவ்விருப்பம் விரிவடைவது இயல்பே.

பாரிஸ்: எல்லாவற்றையும் காத்த ஒருவர்

பல்வகைப் படங்களின் மீதான பற்று ஒரு நிறுவனமாக உருவெடுத்த வரலாறு ஆன்ரி லாங்லுவா என்பவரிடம் தொடங்குகிறது. 1914இல் துருக்கியின் ஸ்மிர்னா நகரில் பிறந்து பாரிசில் வளர்ந்த அவர், பேசும் படங்களின் வருகைக்குப் பின் மௌனப் படங்கள் கழிவுப் பொருளாக மாறியதைக் கண்டார். அக்காலத்துப் ஃபிலிம் சுருளின் மேற்பூச்சில் வெள்ளி கலந்திருந்தது. ஓடி முடித்த படங்களை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பது, அவற்றைச் சேமித்து வைப்பதைவிட வணிகர்களுக்கு ஆதாயமாக இருந்தது. சுருளின் அடிப்பொருளாகிய செல்லுலோஸ் நைட்ரேட் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதும் அவற்றைக் கழித்துக்கட்ட ஒரு காரணமாயிற்று. இருபது வயதைக் கடந்த நிலையில் லாங்லுவா, நண்பர் ஜார்ஜ் ஃபிரான்ஜுவுடன் சேர்ந்து முதலில் ஒரு திரைப்படச் சங்கத்தையும், 1936இல் 'சினிமாத்தேக் ஃபிரான்சேஸ்' என்னும் திரைப்படக் காப்பகத்தையும் தொடங்கினார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1938இல், பாரிஸ், லண்டன், நியூயார்க், பெர்லின் காப்பகங்கள் இணைந்து பன்னாட்டுத் திரைப்படக் காப்பகக் கூட்டமைப்பை உருவாக்கின.

இவற்றுள் லாங்லுவாவின் கொள்கை தனித்து நின்றது. எதிர்காலம் எதை மதிக்கும் என்பதை நிகழ்காலத்தால் அறிய இயலாது. ஆகவே கிடைப்பது எதுவாயினும் காக்கப்பட வேண்டும் என்பது அவரது உறுதி. லூயி ஃபுயாட் 1913 முதல் எடுத்த 'ஃபாந்தோமாஸ்', அதனைத் தொடர்ந்த 'லே வாம்பீர்' ஆகிய தொடர் குற்றப்படங்கள் மலிவான பொழுதுபோக்கு என்று கற்றோரால் ஒதுக்கப்பட்டவை. லாங்லுவா அவற்றைத் தேடிப் பாதுகாத்துத் திரையிட்டதால், பாரிஸ் தெருக்களின் அன்றாடத் தோற்றத்தையும் கனவுத்தன்மையையும் ஒரே சட்டகத்தில் பிணைத்த கலைஞராக ஃபுயாட் பின்னாளில் அறியப்பட்டார். முகமூடி அணிந்த கொள்ளையன் கூரைகளின் மீது ஓடும் காட்சியில், அக்காலப் பாரிஸ் நகரத்தின் புகைபோக்கிகளும் சுவர்களும் வெளிச்சமும் பதிவாகியிருக்கின்றன. குற்றக் கதையில் விருப்பமில்லாதவர் அச்சுருளை எறிந்திருந்தால், அந்நகரமும் அதனுடன் போயிருக்கும்.

காத்தவற்றைக் காட்டுவதிலும் அவர் வகை பார்க்கவில்லை. மெசீன் அவென்யூவில் 1948இல் அமைந்த சிறு அரங்கிலும், 1955 முதல் உல்ம் தெரு அரங்கிலும் அவர் வகுத்த நிகழ்ச்சிநிரலில் ஒரே மாலையில் வெவ்வேறு நாட்டின், காலத்தின், வகையின் படங்கள் அடுத்தடுத்து ஓடின. மௌனப் படங்கள் இசைத்துணையின்றியும், அயல்மொழிப் படங்கள் சில வேளைகளில் மொழிபெயர்ப்பு வரிகளின்றியும் காட்டப்பட்டதால், கதையைவிட நடிகரின் நிலை, ஒளியின் திசை, காட்சியின் நீளம் ஆகியவற்றைக் கவனிக்கும் பழக்கம் பார்வையாளருக்கு ஏற்பட்டது. அவ்வரங்குகளில் முன்வரிசையில் அமர்ந்து பயின்ற ஃபிரான்சுவா திரூஃபோ, ழான் லுக் கோதார், ழாக் ரிவெத், எரிக் ரோமர் முதலியோரே பின்னர் 'புதிய அலை' இயக்குநர்கள் ஆனார்கள். 1968 பிப்ரவரியில் அரசு லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியபோது, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சாப்ளின் உள்ளிட்ட பல நாட்டுக் கலைஞர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். ஏப்ரலில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். ஒரு காப்பகக் காவலரின் பதவிக்காகத் திரையுலகம் திரண்டெழுந்தமைக்கு வேறு எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

வகைகளின் ஊடே ஓடும் இழை

பல வகைப் படங்களைப் பார்ப்பதனால் விளையும் அறிவு யாது என்ற வினாவுக்கு, அப்பார்வையாளர்கள் எழுதிய திறனாய்வே விடை தருகிறது. 1951இல் ஆந்த்ரே பஸான் முதலியோர் தொடங்கிய 'காயே து சினிமா' இதழில், 1953ஆம் ஆண்டு ரிவெத் அமெரிக்க இயக்குநர் ஹோவர்டு ஹாக்சைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஹாக்ஸ் அதுவரை திறமையான தொழிலாளியாக மட்டுமே கருதப்பட்டவர். 'ஸ்கார்ஃபேஸ்' (1932) தாதாக்களின் கதை. 'பிரிங்கிங் அப் பேபி' (1938) நகைச்சுவை. 'தி பிக் ஸ்லீப்' (1946) துப்பறியும் படம். 'ரெட் ரிவர்' (1948) வெஸ்டர்ன். வெஸ்டர்ன் மட்டும் பார்ப்பவருக்கு ஹாக்ஸ் ஒரு வெஸ்டர்ன் இயக்குநர். நகைச்சுவை மட்டும் பார்ப்பவருக்கு அவர் ஒரு நகைச்சுவை இயக்குநர். நான்கையும் பார்த்தவருக்கே, நகைச்சுவையில் சிறுமைப்படும் ஆணும் வெஸ்டர்னில் தன் தொழில் திறத்தால் நிமிரும் ஆணும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள் என்பது புலப்பட்டது. இயக்குநரைப் படைப்பின் ஆசிரியராகக் கொள்ளும் கோட்பாடு இத்தகைய வகைகடந்த பார்வையில் வேர்கொண்டதாகும்.

இதே முறையைத் தென்னிந்தியத் திரையிலும் பொருத்திப் பார்க்கலாம். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, 'பாதாள பைரவி' (1951), 'மாயாபஜார்' (1957) ஆகிய விஜயா நிறுவனப் படங்களின் மாயக் காட்சிகளைப் படம்பிடித்தவர். 'மாயாபஜாரில்' கடோத்கசனாக எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒருவராகவே தீர்க்கும் காட்சியில், தட்டிலிருந்த லட்டுகள் கைபடாமல் எழுந்து அவர் வாய்க்குள் செல்கின்றன. அதே படத்தின் படகுப் பாட்டில் நீரின்மேல் படரும் நிலவொளி, ஒளிப்பதிவாளர் தம் கைத்திறத்தால் உண்டாக்கியது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே பார்ட்லி, தகழியின் நாவலைத் தழுவி ராமு காரியாட் இயக்கிய 'செம்மீன்' (1965) படத்தில் கேரளக் கடற்கரையின் உப்பு வெளிச்சத்தையும் இரவு மணலையும் பதிவு செய்தார். மாயாஜாலப் படம் குழந்தைகளுக்கு, மீனவர் கதை அறிவாளிகளுக்கு என்று பிரித்துப் பார்ப்பவர் இவ்விரு ஒளிகளுக்கும் இடையிலுள்ள உறவை என்றும் அறியமாட்டார்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இவ்வுறவு கண்டங்களைக் கடந்தும் நீள்கிறது. பிரான்சின் ஜார்ஜ் மெலியே அரங்கில் மாயவித்தை காட்டியவர். இந்தியாவின் தாதாசாகேப் ஃபால்கேயும் மாயவித்தை பயின்று மேடையேறியவர். முன்னவர் நிலவுக்குப் பயணம் போகும் விந்தைக் கதைகளை எடுத்தார். பின்னவர் கிறிஸ்துவின் வாழ்க்கையைத் திரையில் கண்டபோது கண்ணனின் கதையை அவ்வாறே காட்ட முடியும் எனத் தூண்டப்பட்டு, 'ராஜா ஹரிச்சந்திரா' (1913), 'காளிய மர்தனம்' (1919) முதலிய புராணப் படங்களை எடுத்தார். ஒன்று விந்தைப் படம், மற்றொன்று பக்திப் படம் என வேறு வேறு அலமாரியில் வைத்தால் இரண்டுக்கும் தொடர்பில்லை. காமிராவை நிறுத்தி மீண்டும் ஓட்டுவதன் மூலம் ஓர் உருவத்தை மறையச் செய்யும் அதே தந்திரம் இரண்டிலும் மருட்கையை விளைவிப்பதைக் காண்பவருக்கு, புராணப் படமும் மாயாஜாலப் படமும், விண்வெளிப் பயணத்தைக் காட்டிய 'கலை அரசி' (1963) போன்ற தமிழ் அறிவியல் புனைகதையும் ஒரே குடும்பத்தினராகத் தோன்றும்.

புணே: மணல் தரையிலிருந்து காப்பகம் வரை

இந்தியாவில் இப்பார்வையைப் பணியாக மாற்றியவர் பி. கே. நாயர். 1933இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவருடைய இளமைக்காலத் திரை அனுபவம், தமிழ்ப் புராணப் படங்களோடு தொடர்புடையது. கே. சுப்ரமணியத்தின் 'அனந்த சயனம்' (1942) போன்ற படங்கள் அவருக்குத் திரையின் மீது ஈர்ப்பை உண்டாக்கின. மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்த அச்சிறுவன் நுழைவுச்சீட்டுகளைச் சேர்த்து வைத்த பழக்கமே, பிற்காலத்தில் ஒரு நாட்டின் திரைச் செல்வத்தைச் சேர்க்கும் பணியாக வளர்ந்தது. 1961இல் புணே திரைப்படக் கல்லூரியில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த அவர், 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பட்டபின் 1965இல் அதன் உதவிக் காப்பாளராகி, 1982இல் இயக்குநராகி, 1991இல் ஓய்வு பெற்றார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில் சேர்ந்த படங்கள் ஏறத்தாழ 12,000 என்றும், அவற்றுள் சுமார் 8,000 இந்தியப் படங்கள் என்றும் கணக்கிடப்படுகிறது.

அக்காலச் சூழலில் இத்தொகுப்பின் தன்மை வியப்புக்குரியது. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் முன்னின்று தொடங்கிய கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடர்ந்து, 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அச்சங்கங்கள் உலகின் சிறந்த படங்களை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தன. அதே வேளையில் உள்நாட்டு வணிகப் படத்தைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மையும் அவற்றில் வேரூன்றியிருந்தது. நாயர் அம்மனப்பான்மைக்கு ஆட்படவில்லை. ஃபால்கேயின் குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த சுருள்களைத் தேடிச் சென்ற அதே அக்கறையுடன், பம்பாய் டாக்கீஸின் காதல் படங்களையும், 'சந்திரலேகா' போன்ற பெருவெற்றிப் படத்தையும், உதய் சங்கரின் நடனப் படமாகிய 'கல்பனா'வையும் (1948) சேர்த்தார். துண்டுதுண்டாகக் கிடைத்த 'காளிய மர்தனம்' அவர் கையில் பார்க்கத்தக்க வடிவம் பெற்றது. திரையரங்கின் இருளில் சிறு விளக்கொளியில் அவர் எழுதிய குறிப்பேடுகளும், எந்தப் படத்தின் எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் உள்ளது என்று கூறும் அவரது நினைவாற்றலும் அவரை அறிந்தோர் பலராலும் பேசப்பட்டவை. ரீல் என்பது ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள, பத்து நிமிடம் ஓடக்கூடிய சுருள் ஆகும்; ஒரு முழுநீள இந்தியப் படத்தில் பெரும்பாலும் அத்தகைய சுருள்கள் பதினைந்துக்கும் மேல் இருக்கும் என்பதை எண்ணினால் அந்நினைவின் அளவு விளங்கும்.

தென்னிந்தியாவைப் பொறுத்தவரை இக்காப்பகத்தின் அரிய பேறு 'மார்த்தாண்ட வர்மா' (1933) என்னும் மௌனப் படமாகும். சி. வி. ராமன் பிள்ளையின் வரலாற்று நாவலைத் தழுவி, நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கிய அப்படம், நாவலின் பதிப்புரிமை பற்றிய வழக்கில் சிக்கித் திரையிலிருந்து விலகியது; சுருள்கள் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டன. அவை 1974இல் தேசியக் காப்பகத்தை அடைந்தன. வழக்கில் சிக்காமல் ஊர் ஊராக ஓடியிருந்தால், ஏனைய படங்களைப் போல அதுவும் தேய்ந்து அழிந்திருக்கக்கூடும். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட மௌனப் படங்களுள் இன்று முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியிருப்பவை சில பத்துகளே. இவ்விழப்பு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களுள் மூல வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே.

சேர்த்ததைப் பூட்டிவைப்பதும் நாயரின் வழியாக இருக்கவில்லை. புணே மாணவர்களுக்கும், நாடெங்கிலும் உள்ள திரைப்படச் சங்கங்களுக்கும் படங்கள் சென்றன. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே. வி. சுப்பண்ணா நடத்திய நீநாசம் அமைப்பின் வழியாகப் பாக்குத் தோட்ட உழவர்களும் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தைக் கண்டார்கள். புராணக் கதைகளை யட்சகானத்தில் இரவு முழுதும் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே நிகழ்ச்சியை நால்வர் நால்விதமாகக் கூறும் ஜப்பானியப் படம் அயலானதாகத் தோன்றவில்லை. விருப்பம் வகை கடக்கும் என்பதற்கு அக்கிராமமே போதிய சான்றாகும்.

மறுப்புகளும் அவற்றின் எல்லையும்

வகை பாராத விருப்பத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, எல்லாவற்றையும் காப்பது இயலாது என்பது. லண்டன் காப்பகத்தின் எர்னஸ்ட் லிண்ட்கிரன் இவ்வாதத்தின் சிறந்த பேராளர். தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்த்ததை முதலில் படியெடுக்க வேண்டும். படியெடுக்காத மூலச் சுருளை ஒருபோதும் திரையில் ஓட்டக்கூடாது என்பது அவருடைய ஒழுங்கு. பாதுகாப்பு அறிவியல் அவர் பக்கமே நிற்கிறது. 1959இல் பாரிஸ் காப்பகத்தில் நேர்ந்த தீயில் பல படங்கள் அழிந்ததையும் மறக்கவியலாது. 2003இல் புணேயிலும் நைட்ரேட் சுருள்கள் தீக்கு இரையாயின. ஆர்வம் மட்டுமே குளிரூட்டப்பட்ட அறையாகிவிடாது. ஆயினும், ஒழுங்கு காப்பது கைக்கு வந்துசேர்ந்த படத்தை மட்டுமே. வந்து சேரும்படி செய்வதற்கு, பிறர் குப்பை என்று கருதியதைக் கேட்டு வாங்கும் ஒரு விருப்பம் முன்னதாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது மறுப்பு, ரசிகர் என்பவர் ஒரு நட்சத்திரத்தின் அடியவரே என்பது. எம். எஸ். எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட எம்.ஜி.ஆர். பற்றிய ஆய்வும், மதுரை உழைக்கும் மக்களின் திரை ஈடுபாட்டைப் பற்றி சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட ஆய்வும் ரசிகர் மன்றங்களின் சமூக, அரசியல் பொருளை விரிவாக விளக்கின. அவ்வாய்வுகளின் மதிப்பு பெரிது. எனினும், ஒரு முகத்தைத் தேடிச் செல்லும் பற்றும், திரை எதைக் காட்டினாலும் அதைக் காணச் செல்லும் பற்றும் வேறானவை. முன்னதைப் பற்றிய எழுத்து மிகுந்த அளவுக்குப் பின்னதைப் பற்றிய எழுத்து தமிழில் பெருகவில்லை.

மூன்றாவது மறுப்பு, எல்லாம் பிடிக்கும் என்பவருக்கு நல்லதும் அல்லதும் ஒன்றே என்பது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) இதற்கு விடையாகும். பாட்டும் நடனமும் இன்றி, கதைத்தலைவன் கொல்லப்படுவதில் தொடங்கி, அவனைக் கொன்றவர் யார் என்பதைப் பலர் கூற்றுகளின் வழியே தேடும் அப்படம், வெளியானபோது பெரும் வரவேற்பைப் பெறவில்லை. துப்பறியும் கதையையும், குரோசாவாவின் படத்தையும், நாட்டுப்பற்றுப் படத்தையும் ஒருசேர அறிந்தவருக்கே, அது இம்மூன்றையும் தமிழில் எவ்வளவு நுட்பமாக இணைத்தது என்பது தெரியும். ஒப்பிடுவதற்குப் பல இருந்தால்தான் ஒன்றின் தரம் விளங்கும். பரந்த விருப்பம் தேர்வுக்குப் பகையாகாது. அது தேர்வுக்கு நிலம் தருகிறது.

சென்னை: ஒரு பட்டியலும் ஒரு பாட்டுப் புத்தகமும்

தமிழ்த் திரைக்கு லாங்லுவாவுடையதைப் போன்ற காப்பகமோ, அரசு நிறுவனமோ வாய்க்காத காலத்தில், அதன் வரலாற்றைத் தனியொருவராகத் தொகுத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். புகைப்படக் கலைஞராகத் திரையுலகில் நுழைந்து, தம் படங்கள் வெளியான இதழின் பெயரையே அடைமொழியாகப் பெற்று, 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் மூலம் மக்கள் தொடர்பாளராகவும் ஆன அவர், வெளியான ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் பெயரையும் நாளையும் நிறுவனத்தையும் கலைஞர்களையும் குறித்து வைத்தார். அப்பட்டியலில் நூறு நாள் ஓடிய படத்துக்கும் ஒரே வாரத்தில் தூக்கப்பட்ட படத்துக்கும் இடம் ஒன்றே. புராணப் படம், ஸ்டண்ட் படம், மொழிமாற்றுப் படம் என எதுவும் விடப்படவில்லை. அவரது தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்னும் அவருடைய நூல் 2004இல் வெளிவந்தது. தமிழ்த் திரை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இன்றும் நாள் சரிபார்க்கச் செல்வது அந்நூலிடமே. பி. கே. நாயர் 2016 மார்ச் 4ஆம் நாளிலும், ஆனந்தன் அதே மாதம் 21ஆம் நாளிலும் மறைந்தனர். இந்தியத் திரையின் இரு பெரும் நினைவுகள் பதினேழு நாள் இடைவெளியில் அணைந்தன.

படமே அழிந்துவிட்ட இடத்தில், அதன் நிழலையாவது காட்டுபவை இத்தகைய ரசிகர்கள் சேர்த்த சிறு பொருள்கள்தாம். அவற்றுள் பாட்டுப் புத்தகம் தலையாயது. திரையரங்கு வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட அம்மெல்லிய அச்சுத்தாள்களில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களும், பாடல்களும், சில பத்திகளில் கதைச் சுருக்கமும் இருக்கும். பெருநூலகங்கள் அவற்றை நூலாகவே மதித்ததில்லை. வாங்கியவர்களுள் பாடல்மீது பற்றுக்கொண்ட சிலர் மட்டும் பெட்டியில் அடுக்கி வைத்தனர். ஆர். நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. 1930களின் தமிழ்ப் படங்களுள் மிகப் பலவும் இல்லை. அப்பத்தாண்டின் புராணப் படம் எவ்வாறு கதை சொன்னது, சமூகப் படம் எப்போது தனி வகையாகப் பிரிந்தது என்று ஆராய்வோருக்கு, அப்பெட்டிகளிலிருந்து வெளிவந்த பழுப்பேறிய பக்கங்களே முதன்மைச் சான்று.

அப்புத்தகங்களில் கதைச் சுருக்கம் ஒருபோதும் முடிவு வரை செல்வதில்லை. நாயகி காட்டில் தனித்து விடப்படும் இடத்திலோ, தீயவன் வாளை உருவும் இடத்திலோ நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று எழுதுவது அக்கால வழக்கம். வாங்குபவரை அரங்குக்குள் அழைக்கும் வணிக உத்தியாக எழுதப்பட்ட அவ்வாக்கியம், சுருள் காக்கப்பட்ட படங்களைப் பொறுத்தவரை இன்றும் மெய்யாகவே நிற்கிறது: 'சந்திரலேகா'வின் மீதியையும் 'மார்த்தாண்ட வர்மா'வின் மீதியையும் இன்றும் திரையில் காண இயலும். காக்கப்படாத படங்களுக்கு அவ்வழைப்பு மட்டுமே மிஞ்சி, காண்பதற்குத் திரை இல்லாமற்போயிற்று. ஒரு படத்தின் கதை அவ்வாக்கியத்தோடு முடிந்துவிடுமா, அதைக் கடந்து தொடருமா என்பதைப் பல நேரங்களில் தீர்மானித்தது, அப்படம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளாமல் அதன்மீது விருப்பம் வைத்த ஒருவர் எங்கோ இருந்தாரா என்பதுதான்.